காப்பு நாளுக்கு ஓர் அகில் குச்சி

ஒக்டோபர் 4, சனி

மழையும் இல்லை, வெயிலும் இல்லை. லண்டன் கிங்ஸ்பரி வானம் பிழிந்து காயப்போட்ட துணி மாதிரி. கௌரி விரதம் தொடங்கி முதல் சனி. பகல் முழுதும் வெறும் தேத்தண்ணி. தலை லேசாக, கால் நிலத்தில் முழுதாகப் படாத மாதிரி. எனக்கு இது பிடிக்கும்.

சாமியறை கழுவியாயிற்று. அறை என்ன அறை, மாடிப்படிக்குக் கீழே சப்பாத்து வைக்கிற இடம், இவர் தட்டு அடித்துத் தந்தது. விளக்கு மட்டும். ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம் ஒன்றும் கிடையாது. இவர் ஆஸ்துமா முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்து வந்ததிலிருந்து வீட்டில் புகைக்குத் தடை. தடை போட்டது நான்.

போன வருடம் கடைசி நாள் பூசைக்கு நான் கோயிலுக்குள், இவர் கார் பார்க்கில் கண்ணாடியை ஏற்றிவிட்டு. புருஷன் நல்லாயிருக்க வேண்டும் என்று பிடிக்கிற விரதம், புருஷன் மட்டும் வெளியே. காப்பு நூலைக் கார் ஜன்னலால் கையை விட்டுக் கட்டினேன். இந்த முறை கோயில் வேண்டாம், வீட்டிலேயே. இவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஆனால் காப்புக் கட்டுகிற அன்று தூபம் இல்லாமல் அம்மனுக்கு என்ன பூசை?

பக்கத்து வீட்டுக் கலா அக்கா (அவவும் விரதம்) வேலிக்கு மேலால்: "ஜப்பான்காரரின்ர குச்சி எண்டு ஒண்டு இருக்காம். புகையே இல்லையாம். தேடிப் பாரன்."

ஒக்டோபர் 7, செவ்வாய்

வேலை முடிந்து நேரே ரியூப் ரயில். பக்கத்து சீட்டில் ஒரு பெடியன் போனில்: "ஓம் அண்ணை, ஷிப்ட் முடிஞ்சுது, வாறன், வாறன்." இறங்கும்வரை வந்துகொண்டே இருந்தான்.

மத்திய லண்டனில் ஒரு சின்னக் கடை. உள்ளே போனதும் வெளிச்சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. குச்சிகள் பென்சில் ஈயம் போல மெல்லிசு. நடுவில் மூங்கில் இல்லை. முழுக்க வாசனைப் பொடியேதான். பச்சை, மண்ணிறம், ஒன்று ஊதா. நின்ற இடத்திலேயே அரை மணித்தியாலம் போயிருக்கும், வயிறு காலி வேறு.

கடைப் பெண் மெதுவாகப் பேசினாள். ஒவ்வொரு நாளுக்கும் என்றால் சந்தனம், பிளம் பூ, பைன். விசேஷ நாளுக்கு என்றால் இது என்று கடதாசி நாடா கட்டிய மரப்பெட்டி. ஏதோ ஜப்பான் பெயர் சொன்னாள், பிறகு ஆங்கிலத்தில் விளக்கினாள். அட, அகில்! தேவாரத்தில் ஆறு அடித்துக்கொண்டு வருகிற அகில். சின்ன வயதிலிருந்து வாயில் இருக்கிற சொல், மூக்குக்கு ஒருநாளும் வந்ததில்லை.

சந்தனம் மணந்தேன். பிளம் பூ சவர்க்காரம் மாதிரி, வேண்டாம். பைன் குளியலறை கழுவுகிற மருந்து மாதிரி. சந்தனம்தான் அன்றாடத்துக்கு. முன் அறையில் கொளுத்தலாம், அது வீட்டுக்கு, சாமிக்கு இல்லை.

அகில் மாதிரிக் குச்சியை நீட்டினாள். பின்னுக்குப் போய்விட்டேன். சாமிக்கு வைக்கிற பூவை மணக்கிறோமா? மாதிரி வேறு, பெட்டி வேறு என்பது புரிகிறது, மனம் கேட்கவில்லை. "இது கடவுளுக்கு. நான் முதலில் மணக்கக் கூடாது. நீங்கள் சொல்லுங்கள், எப்படி இருக்கும்?"

அவள் சிரிக்கவில்லை. கண்ணை மூடி யோசித்தாள். "நல்லது எதையோ கனகாலம் வைத்திருந்த பழைய மேசை லாச்சியைத் திறந்தால் வருமே, அப்படி."

இரண்டையும் வாங்கிவிட்டேன். ரியூப்பில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். வெம்பிளி பார்க் தாண்டியதே தெரியாது.

ஒக்டோபர் 9, வியாழன்

தூறல். சந்தனக் குச்சி முதல் சோதனை. இவர் மாடிப்படியின் உச்சியில், கையில் ஆஸ்துமா பம்ப். நான் கீழே, ஜன்னல் பாதி திறந்து.

புத்தி போன புத்தி. பழக்கத்தில் வாழைப்பழத்தில் குத்தினேன். மூங்கில் இருந்தால்தானே குத்தும்! மூன்றாக ஒடிந்தது. இன்னொன்றை ஊசியால் துளை போட்டு நட்டேன். நின்றது, எரிந்தது, பழத்தைத் தொட்டதும் அணைந்தது.

மேலிருந்து: "என்னப்பா, அம்மனுக்கு பனானா பார்பிகியூவோ?"

இருமல் இல்லை. ஆனால் இடையில் படி முழுக்கத் தூரம்.

வாங்க: பால், புளி, அரிசிமா, இல்லை என்றால் பச்சையரிசி.

ஒக்டோபர் 12, ஞாயிறு

சாம்பலில்தான் நட வேண்டுமாம், சந்தனப் பெட்டிக்குள் படம் போட்டிருக்கிறது. சாம்பலுக்கு எங்கே போவது, சென்ட்ரல் ஹீட்டிங் வீட்டில். யோசித்து யோசித்துத் திருநீற்றைச் சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் நிரப்பி நட்டேன். அசையாமல் நின்றது. புகை ஒரு நூல். நேரே மேலே போய், ஏதோ நினைவு வந்த மாதிரி வளைந்து, இல்லாமல் போனது. பார்த்துக்கொண்டே இருந்தேன். கறி அடிப்பிடித்துவிட்டது.

இவர் முதலில் படியின் நடுவில். பிறகு கடைசிப் படி. பிறகு சோபாவில் என் பக்கத்தில். ரீவியைக்கூடப் போடவில்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றார்.

பம்ப் எடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, வெங்காயம் உரிக்கப் போய்விட்டேன்.

ஒக்டோபர் 15, புதன்

குளிர் வந்துவிட்டது. சந்தனம் ஒவ்வொரு நாளும் எரிகிறது, சுகம். ஆனால் அகில் வேறு சாமான். அது இவர் நெஞ்சுக்கு ஒத்துவருமா? பூசை நடுவில் இழுக்கத் தொடங்கினால்?

இவரும் அதைத்தான் கேட்டார். "ஒண்டை எடுத்துக் கொளுத்திப் பாப்பமே?"

"சாமிக்கு முதல் உங்களுக்கோ?"

சட்டென்று சொல்லிவிட்டேன். முகம் சின்னதாகப் போயிற்று. பேப்பரை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். கொளுத்திப் பார்க்கவும் ஏலாது, பார்க்காமல் இருக்கவும் ஏலாது. கலா அக்காவிடம் கேட்டேன். "அம்மனிட்ட விடு," என்றா. அம்மனுக்கு ஆஸ்துமா இல்லை.

ஒக்டோபர் 18, சனி

இதை எழுதக் கை கூசுகிறது.

பின்னேரம் கடைக்குப் போக ஜக்கெட் எடுத்தேன். என்னுடையதற்கு மேல் இவருடையது. அதில் ஒரு மணம். சந்தனம் இல்லை, சவர்க்காரம் இல்லை. கொஞ்சம் கசப்பு, அதற்குப் பின்னால் ஒரு இனிப்பு, மரம் வெயிலில் காய்ந்த மாதிரி. காலரில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரமோ. எங்கேயோ போய் வந்த மாதிரி. பிறகுதான் உறைத்தது.

சாமித்தட்டில் பெட்டி. நாடா கட்டித்தான் இருந்தது. ஆனால் கடைக்காரி கட்டிய கட்டு இல்லை. இவர் சப்பாத்துக் கயிறு கட்டுகிற இரட்டைப் பூ முடிச்சு.

தோட்டத்துக் கொட்டிலில் பெயின்ற் வாளியை அடுக்கிக்கொண்டிருந்தார். நல்லாக் கத்தினேன். விரதம், மடி, மரியாதை என்று எல்லாம்.

முடியும்வரை கேட்டார். "கதவைச் சாத்திப்போட்டு உதில இருந்தன். முதல் கொஞ்சம் இருமினன். பிறகு ஒண்டுமில்லை. முழுக்க எரியும் மட்டும் இருந்தன்."

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீர் விடமாட்டீர்." வாளியைக் கீழே வைத்தார். "போன முறை கண்ணாடிக்குள்ளால பாத்துக்கொண்டிருந்தனான், வசந்தி. எல்லாப் பொம்பிளையளும் புருஷன்மாரோட வருகினம். நீர் தனிய வாறீர். இந்த முறை இருமிக் குழப்பிப்போடுவன் எண்டு பயமா இருந்தது."

தனியே அந்தக் கொட்டிலில், கதவு சாத்தி. மூச்சு முட்டியிருந்தால் யாருக்குத் தெரியும்? அதைச் சொல்லித் திரும்பக் கத்தினேன்.

உள்ளே வந்து சொன்னேன், நானும் மணந்துவிட்டேன் என்று. உங்கள் ஜக்கெட்டில்.

"அப்ப ரெண்டு பேரும் கெட்டுப்போனம்," என்றார். சிரித்துவிட்டேன்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

காப்பு. லீவு போட்டாயிற்று. விடிய எழும்பி அதிரசம், முதல் இரண்டும் கருகல். வெளியே நல்ல வெயில், யாருக்கோ வந்த வெயில் இங்கே விழுந்த மாதிரி.

சந்தனமா அகிலா என்று தட்டுக்கு முன்னால் நின்று யோசித்தேன். கலா அக்காவிடம் கேட்கவில்லை. அகிலையே எடுத்தேன். அம்மன் சிவனில் பாதி வாங்கினவ. வீட்டுக்காரன் முதலில் மணந்தான் என்று கோபிக்க மாட்டா.

திருநீற்றுக் கிண்ணத்தில் நட்டுக் கொளுத்தினேன். இவர் வேட்டியோடு படிக்குக் கீழே குனிந்து வந்து பக்கத்தில் இருந்தார். இடம் போதாது, முழங்கால் முட்டியது. இவர் வலக்கையில் நூல் கட்டினேன், ஜன்னல் இல்லாமல்.

கண்ணை மூடினேன். சொல்ல வேண்டிய மந்திரம் எல்லாம் மறந்து போயிற்று. இவர் மூச்சு மட்டும் கேட்டது. உள்ளே, வெளியே. இழுப்பு இல்லை. குச்சி எரிந்து முடியும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் பட்டினி கிடந்து எதைக் கேட்க வந்தேனோ, அது பக்கத்திலேயே இருந்தது. அம்மனிடம் ஒன்றும் கேட்காமல் எழும்பினேன்.