நூதனசாலையில் தொழுத இரண்டு ரக்அத்

மச்சான்,

இன்று காலை மழை. குடை தேடி அலுமாரிக்கு மேலே கையை விட்டேன். குடை வரவில்லை, மஞ்சள் பிளாஸ்டிக் மழைக்கோட்டு ஒன்று தலையில் வந்து விழுந்தது. விரித்தால் இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கடை வாசம் அப்படியே இருக்கிறது. வாசத்தோடு நீயும் வந்துவிட்டாய். ஒரு கோட்டுக்குள் இரண்டு பேர் தலையை நுழைத்துக்கொண்டு கோலாலம்பூர் றோட்டில் ஓடினோமே, நினைவிருக்கிறதா? இருக்கும். மௌத்தாகி மண்ணுக்குள் போனவர்களுக்கு மறதி வரும் என்று எந்த மௌலவியும் எனக்குச் சொல்லவில்லை.

நான் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி போட்டுக்கொண்டிருந்தேன். நீ யுனிவர்சிட்டியில் இரண்டாம் வருடம். நம் ஊர் சாய்ந்தமருதில் ஒரே ஒழுங்கையில் வளர்ந்த இருவரில் ஒருவனுக்குப் புத்தகம், மற்றவனுக்குத் தட்டுக்கரண்டி. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நான் விடுதலை கொடுத்துவிட்டேன் என்று சொல்வேன், நீ சிரிப்பாய்.

அந்த வாரம் நீ சிரிக்கவில்லை. உன் வாப்பாவுக்குக் கடலுக்குப் போக ஏலாமல் போயிற்று. தங்கச்சிக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டி வைத்துவிட்டுத்தானே மாப்பிள்ளையைக் கூப்பிட வேண்டும்? வாப்பாவுக்கு ஏலாவிட்டால் அது கூடப்பிறந்த காக்காவின், உன் தலையில். நீ படிப்பை விட்டுவிட்டு கட்டாரில் ஒரு ஸ்டோருக்குப் பெட்டி அடுக்கப் போவதாக முடிவெடுத்தாய். விசாவும் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பிளேன்.

புதன்கிழமை என் லீவு நாள். கொப்பித் தாளில் ஒரு பட்டியலோடு வந்து நின்றாய்.

"மச்சான், இஞ்ச ரெண்டு வருசம் இருந்தும் ஒண்டையும் பாக்கல்ல. இண்டைக்கு எல்லாத்தையும் பாத்து முடிக்கணும்."

"ஒரு நாளைக்குள்ளயா? மையத்த அடக்கக் கொண்டு போறவங்க கூட இவ்வளவு அவசரப்பட மாட்டாங்கடா."

இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து நொந்தது. பிறகு வண்ணத்துப்பூச்சித் தோட்டம். அங்கே ஒன்று உன் மூக்கில் வந்து உட்கார்ந்தது, அதையும் நீ என்ன இனம் என்று பலகையில் தேடினாய். பிறகு பழைய பொருட்கள் வைத்த பெரிய நூதனசாலை. நீ ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னாலும் நின்று எழுதியிருப்பதெல்லாம் வாசித்தாய். நான் அதே கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவினேன். ஒரு துருப்பிடித்த பீரங்கியைக் காட்டி, போர்த்துக்கீசன் எப்படி வந்தான், ஒல்லாந்தன் எப்படித் துரத்தினான் என்று எனக்குக் கதை சொன்னாய். நான் கொட்டாவி விடவில்லை, கவனித்தாயா? படிக்காதவனுக்கும் விளங்கும்படி சொல்ல உனக்கு வரும். இவன் போய்ப் பெட்டி அடுக்கப் போகிறானே என்று நினைத்தேன். வாயில் பகிடிதான் வந்தது.

கடைசியாக அந்த இஸ்லாமியப் பொருட்கள் வைத்திருந்த நூதனசாலை. வெளியே கூரையில் நீலக் குப்பா, உள்ளே வெள்ளை மாபிள். நீ டிக்கட் வாங்க நின்றாய், நான் முன்னுக்குப் போய்விட்டேன். ஒரு அறையில் இமாம் நிற்கிற மிஹ்ராப் இருந்தது, பக்கத்தில் படி வைத்த மிம்பர், கீழே கம்பளம். எவ்வளவு சுத்தமான பள்ளிவாசல் என்று நினைத்தேன். கை கால் கழுவிச் செய்த ஒளுவும் முறியாமல் இருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். பள்ளிக்குள் வந்தால் உட்காரும் முன் இரண்டு ரக்அத் தொழ வேண்டும் என்று ஓதவைத்த லெப்பை அடித்துச் சொல்லித் தந்ததாச்சே. தக்பீர் கட்டினேன்.

சலாம் கொடுத்துத் திரும்பினால் எனக்குப் பின்னால் இரண்டு ஆப்பிரிக்கப் பையன்கள் வரிசையில் இருக்கிறார்கள். ஜமாஅத்தாகத் தொழுகை நடக்கிறது என்று வந்து சேர்ந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் காவல்காரர், என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, நான் முடிக்கும்வரை மரியாதையாகக் காத்துக்கொண்டு நிற்கிறார். தொழுகை அறை கீழ் மாடியில் என்று விரலால் காட்டினார். நீ தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தாய்.

"மச்சான், நீ தொழுதது காட்சிக்கு வெச்ச சாமானுக்கு முன்னாலடா! கொத்து ரொட்டிக்காரன் இமாமாகிட்டான்!"

வெளியே வந்தோம். மழை பிடித்துக்கொண்டது. படிக்கட்டில் ஒதுங்கி நின்றோம். சிரித்து ஓய்ந்த பிறகு கேட்டாய்:

"நெத்திய வெச்சி சுஜூதுல கனநேரம் கிடந்தாய். என்ன கேட்டாய்?"

"உன்ர தங்கச்சியக் கேட்டன்."

உன் முகம் சட்டென்று மாறியது. "எல்லாத்திலயும் பகிடியா உனக்கு?"

"பகிடி இல்ல மச்சான். எனக்கு வீடு வேணாம். கட்டார் விசாவக் கிழிச்சிப் போடு. நீ படி."

எத்தனை நாளாக அதை வாய்க்குள் வைத்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது. ஊருக்குப் போயிருந்தபோது உங்கள் வீட்டில் உன் தங்கச்சி தேத்தண்ணி தந்தாள். சாயத்துக்கு நிறம் பத்தாது என்று நக்கலடித்தேன். அடுத்த கோப்பையில் சீனிக்குப் பதில் உப்பு. அன்றே இவள்தான் என்று எனக்கு முடிவாகிப்போயிற்று.

நீ கொப்பித் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தாய். பிறகு, "வீடு இல்லாம எங்கடா இரிப்பீங்க?" என்றாய்.

"உங்கட உம்மாட குசினிக்குப் பின்னால ஓலையால ஒரு பத்தி இறக்கினாப் போதும். சட்டி மணம் எனக்குப் பழக்கம்தானே."

"அவளிட்டக் கேக்காம நான் ஓம் சொல்லமாட்டன்."

அது எனக்குப் பிடித்தது. முன்னாலிருந்த கடையில் ஒரு மழைக்கோட்டுத்தான் மிச்சம். அதைப் போர்த்திக்கொண்டு டெலிபோன் பூத்துக்கு ஓடினோம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்கு எடுத்து, அவளைக் கூட்டிவரச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். நீ விசயத்தைச் சொன்னாய். நான் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன். பிறகு அவள் குரல்:

"காக்கா, நீங்க படிப்ப விடமாட்டீங்கதானே?"

"விடமாட்டன்."

"அப்ப எனக்குச் சம்மதம். ஆனா அந்தாள் வாய மூடிட்டு இரிப்பாரா எண்டு கேளுங்க."

"அதுக்கு நான் பொறுப்பில்ல புள்ள" என்றாய். ஒரு காசுக்கும் உதவாத மச்சினன்.

நீ படித்து முடித்தாய். சரித்திரம் படிப்பிக்கிற சேர் ஆனாய். வருடா வருடம் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கொழும்பு நூதனசாலைக்குப் போனாய். போன வருடம் உன் ஜனாஸாவுக்கு அந்தப் பிள்ளைகள் ஒழுங்கை நிறைய வந்து நின்றார்கள். அழுதேன்தான். ஆனால் பெட்டி அடுக்குவதில் முடிந்துபோகாத ஒரு வாழ்க்கையைப் பார்த்து நிறைந்த மனதோடு அழுதேன்.

போன வெள்ளிக்கிழமை உன் மருமகனுக்கு, என் மூத்தவனுக்கு, மருதமுனையிலிருந்து கல்யாணப் பேச்சு வந்தது. பெண்ணின் வாப்பா கட்டப் போகிற வீட்டின் பிளானை மேசையில் விரித்தார். கெம்பஸில் படிக்கும் தன் மகன் ஒரு வருடம் படிப்பை நிறுத்தி உழைத்துத் தருவான் என்றார்.

"அந்தத் தாளச் சுருட்டி வைங்க ஹாஜியார். வீடு வேணாம். உங்கட மகன் படிச்சி முடிக்கட்டும். புள்ளைக்கு எங்கட பொடியன விருப்பமா எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றேன்.

மனிதர் என்னைப் பார்த்தார். என் மகனைப் பார்த்தார். ஏதோ குறை தேடுகிற மாதிரி அவனைத் தலையிலிருந்து கால்வரை மறுபடி பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"மகன், கோவிக்காம கொஞ்சம் எழும்பி நடந்து காட்டுங்களன்."

நடந்து காட்டினான், மச்சான். திரைக்கு அந்தப் பக்கம் உன் தங்கச்சி வாயைப் பொத்திச் சிரிக்கிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.