பத்துக் கிலோ

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம் விசாரிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். இப்போது விசாரித்தால் அதில் மனசு இருக்காது.

உன் தம்பியின் வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது. அவன் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான். உன் ஹாக்கி அணியின் உத்தேசப் பட்டியலில் அவன் பெயரை அடித்துவிட்டு, பத்துக் கிலோ ஏத்திக்கிட்டு வா, அப்புறம் பார்க்கலாம் என்று செய்தி அனுப்பினாயாம். அன்று முதல் காலையில் ஆறு முட்டை, மாலையில் ஆறு முட்டை. வீட்டில் என்ன விசேஷம் என்று கடைக்காரர் என்னிடமே கேட்டுவிட்டார். அதோடு விட்டானா? நிறைந்த கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினான். நான்காம் நாள் கை பிசகிவிட்டது. மூன்று வாரம் ஸ்டிக்கைத் தொடக்கூடாது என்கிறார் டாக்டர். ஏறிய எடை ஒன்றரைக் கிலோ.

ஹாக்கிக்கு உடம்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் கன்னியர் மடத்துப் பள்ளியில் மூன்று வருடம் ஆடியவள். இடித்தால் விழுகிறவர்களை வைத்துக்கொண்டு ஆட முடியாது என்பது தெரியும். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நீ உன் அணியோடு இங்கே ஆட வந்தபோது, உன் அப்பா இருந்தவரை அவருக்காக நான் செய்தது போலவே, நோட்டும் பென்சிலுமாகக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். உன் ஆட்கள் முப்பத்தொரு தடவை பந்தைப் பறிகொடுத்தார்கள். எதிராளி இடித்துப் பறித்தது ஆறு தடவைதான். மற்ற இருபத்தைந்தும் தாங்களாகவே தொலைத்தது. முன்வரிசையில் ஐந்து பேர், ஐந்தும் பீரோ! பீரோவை நகர்த்தலாம், அது பாஸ் கொடுக்குமா?

உன் தம்பியும் வந்திருந்தான். கட்டுப் போட்ட கை உன் கண்ணில் பட்டுவிடக்கூடாதென்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றே பார்த்தான். நீ பஸ் ஏறிப் போய்விட்டாய். பத்து நிமிஷ நடையில் வீடு இருக்கிறது.

உன் பின்வரிசைக்காரன், எல்லாரும் லாரி என்று கூப்பிடுகிறீர்களே, அவன் மட்டும் ஓடிவந்து என்னிடம் இரண்டு வார்த்தை பேசினான். நான் இடிச்சுப் பந்தை எடுத்துடுவேன்மா, எடுத்து யாருக்குக் குடுக்கிறது, சின்னவன் இருந்தா கண்ணை மூடிக்கிட்டுத் தள்ளிவிடுவேன் என்றான். இத்தனை வருடம் பயிற்சி கொடுக்கிற உனக்கு, அந்த லாரிக்குத் தெரிந்தது தெரியவில்லையா?

தெரியும். எடை ஒரு சாக்கு. அண்ணன் தம்பியைச் சொருகிவிட்டான் என்று நாலு பேர் பேசுவார்களே, அதுதான் உன் பயம். உன் அப்பா பயிற்சியாளராக இருந்தபோது உன்னை இரண்டு வருடம் வெளியே உட்காரவைத்ததும் இதே பயத்தால்தான். நீ குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாய். எனக்குக் கேட்கும். அவரிடம் ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. அது என் தப்பு. அதை இன்னொரு தடவை செய்ய மாட்டேன்.

சின்னவனுக்கு உன் மேல் துளிக் கோபம் இல்லை. அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும் என்கிறான். அதைக் கேட்கும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கடைசிப் பட்டியலுக்கு இன்னும் நாலு வாரம் இருக்கிறது. மூன்றாவது வாரம் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். வா. அவன் ஆடுவதை ஒரு மணி நேரம் பார். அப்புறம் சேர்த்துக்கொள், அல்லது விடு. அது உன் பொறுப்பு, நான் தலையிட மாட்டேன். எதுவானாலும் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் அணி ஜெயிக்கட்டும். கோபத்தில் சொன்னாலும் ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தான்.

அந்த இரண்டு வருடத்தில் உன் அப்பா ஒரு நாளும் உன் எதிரில் வந்து நின்று காரணம் சொல்லவில்லை. நீயாவது வந்து நில், கண்ணா.

இப்படிக்கு,
அம்மா