அம்மா உனக்காக எடுத்து வைத்த நுனி

என் மகள் ரிம்மாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கம்சாத்கா காற்றில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை ரிம்மா. சாதாரண வயிற்றுவலிதான் என்று போன கடிதத்தில் எழுதியதெல்லாம் அவள் பக்கத்தில் இருந்து எழுதவைத்தது. ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்து அனுப்பிவிட்டார்கள். டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்க, என்ன கேட்டாலும் குடுங்க என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. தந்தி எழுதிக்கொண்டு வந்தால் முத்திரை போட்டுத் தருகிறேன், அதைக் காட்டினால் மகளுக்கு விடுப்பும் விமானத்தில் இடமும் உடனே கிடைக்கும் என்றும் சொன்னாள். அம்மா விடவில்லை. தந்தி கிந்தி குடுத்தே, உன் முகத்துலயே முழிக்க மாட்டேன்யா, புள்ள பயந்து போயிடும் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருக்கிறாள். சூப்பு வைத்தால் ஆறிப்போகிறது, பேசினால் பதில் இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை திடீரென்று, இறைச்சி சாசேஜ் போலவே உருட்டி அவள் செய்வாளே அந்தப் பிஸ்கட் இனிப்பு, சாக்லேட் சாசேஜ் வேண்டும் என்றாள். எனக்கு உயிர் வந்தது. பக்கத்து வீட்டுக் கிளாவ்தியா ஒளித்து வைத்திருந்த கோகோவைக் கொடுத்தாள், ரேஷனில் வெண்ணெய் வாங்கிய கூப்பனும் அவளுடையதுதான். பாலில் சர்க்கரையும் கோகோவும் போட்டுக் காய்ச்சி, இறக்கி, வெண்ணெயைக் கரைத்தேன். அதுவரை ஒழுங்குதான். பிஸ்கட்டைத்தான் இறைச்சி அரைக்கிற மெஷினில் போட்டு மாவாக அரைத்துத் தொலைத்தேன். உருட்டிக்கொண்டு போய்க் காட்டினால், அம்மா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என்னய்யா இது, களிமண்ணா, உள்ள வெள்ளை வெள்ளையா கொழுப்பு மாதிரி தெரிய வேணாமா, இதை யாரு சாசேஜ்னு சொல்லுவா, முப்பது வருஷமா நான் செய்யறப்ப நீ எங்க பாத்துக்கிட்டிருந்தே என்றாள். திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும் என்று நின்றேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் குரலைக் கேட்கிறேன், அழுகை வந்துவிட்டது. மிச்சமிருந்த பிஸ்கட்டைக் கையால் ஒடித்துப் போட்டுப் பிசைந்து, மறுபடி உருட்டி, காகிதம் சுற்றி, நூல் கட்டி, பால்கனியில் தொங்கவிட்டேன். பனி கடுமையாக இருந்ததால் சீக்கிரமே கெட்டியாகிவிட்டது.

சாயங்காலம் ஒரு துண்டு நறுக்கிக் கொடுத்தேன். உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத் தட்டில் திருப்பி வைத்துவிட்டாள். கத்தியை வாங்கி, இரண்டு நுனியையும் அவளே வெட்டினாள். நுனி ரிம்மாவுக்கு, அவதான் அதுக்குச் சண்டை போடுவா, வெளிய கட்டி வை, வந்தா கேப்பா என்று சொல்லிவிட்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் புரிந்தது, அவள் அதைக் கேட்டது தனக்காக இல்லை. தந்தி கொடுக்காதே என்றவளும் அவள்தான், உனக்கு எடுத்து வைக்கச் சொன்னவளும் அவள்தான். நான் எந்தச் சொல்லைக் கேட்பது? இனி அவள் தேறிவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை. சத்தியத்தை மீறுவது என்று முடிவு செய்துவிட்டேன். விடிந்ததும் டாக்டரம்மாவிடம் போகிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் தந்தி உன்னிடம் வந்திருக்கும், நீ கிளம்புவதற்குள் இதுவும் கிடைத்துவிட வேண்டும், அதில் எழுத முடியாததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

கடவுள் உங்களைக் காப்பாற்றட்டும். கம்பளிக் காலுறை போட்டுக்கொள், விமான நிலையத்தில் வெறும் வயிற்றோடு உட்காராதே. வாசலில் நின்று அழுதுவிடாதே. விடுப்பு மிச்சமிருந்தது, சும்மா வந்தேன் என்று அம்மாவிடம் சொல். நுனி எனக்குத்தானே என்று நீயே முதலில் கேள். நேற்று பனி உருகி பால்கனிக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்துவிட்டது, அங்கே கட்டி வைத்த நுனி தாங்காது, சீக்கிரம் வா.

உன் அப்பா,
அர்க்காதி