தூக்கிப் போட்ட மேகங்கள்

ஜூன் 3
போர்னியோ காட்டின் ஐந்தாம் வருட அறிக்கையைத் தொடங்கினேன். வேலை பழையதுதான். சாட்டிலைட் படங்களில் மேகம் மறைத்தவற்றைத் தூக்கிப் போட வேண்டும். தெளிவானவற்றில் மரங்களை அளந்து, அவற்றில் எவ்வளவு கார்பன் தங்கியிருக்கிறது என்று எழுத வேண்டும். அந்த எண்ணைக் காட்டித்தான் வெளிநாட்டுக் கம்பெனிகள், விட்ட புகைக்கு ஈடாக ஒரு காட்டைக் காப்பாற்றினோம் என்று மார்தட்டுகின்றன.

இந்த வருடம் தூக்கிப் போட அதிகமில்லை. நிம்மதி.

ஜூன் 5
டீம் லீட் துரைராஜ் சார், கோயம்புத்தூர்க்காரர், லேசில் பாராட்ட மாட்டார். இன்று, "வருஷா வருஷம் படம் சுத்தமாயிட்டே வருதுங்க பியூலா" என்றார். போன அறிக்கையில் நானே இதைச் சாதனை என்று எழுதியிருக்கிறேன்.

ஜூன் 6
ஹைதராபாத் மௌலா அலி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது தோன்றியது. படம் ஏன் சுத்தமாகிறது? கேமரா அதேதானே?

ஜூன் 10
எண்ணினேன். முதல் வருடம் நூற்றில் எழுபது படம் மேகம். இப்போது நாற்பத்தைந்து.

அடியே பியூலா! மழைக்காட்டில் மேகம் குறைந்தால் அது நல்ல செய்தியா?

எங்கள் காட்டின் எல்லைக்கு வெளியே உள்ள படங்களையும் திறந்தேன். காற்று வரும் பக்கத்துக் காட்டை மொட்டையடித்து எண்ணெய்ப்பனை நட்டிருக்கிறார்கள். அங்கே மரங்கள் உறிஞ்சி இலைவழியே விட்ட ஈரம்தான் இங்கே மழையாக விழுந்துகொண்டிருந்தது. வெட்டாத பக்கத்தையும் பார்த்துவிட்டேன். அங்கே மேகம் குறையவில்லை.

ஜூன் 11
எங்கள் மரங்கள் நிற்கின்றன. ஆனால் காய்கின்றன. இலைப் பச்சை மங்கியதை வெயிலின் கோணம் என்று ஒதுக்கியிருக்கிறேன். பட்டுப்போகும் மரம் சேர்த்த கார்பனைக் காற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். நானோ நாலு வருடமாக "மாற்றமில்லை" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 12
கணவர் ஃபெலிக்ஸிடம் சொன்னேன். ஏன், வேண்டாம் என்பதெல்லாம் அவருக்கு ஹைதராபாத் உருதுவில் கைக்கு, நக்கோ. "கைக்கு இந்த வம்பு? நக்கோ பியூலா. மரத்த நீயா வெட்டின?" சுள்ளென்று கோபம் வந்தது. என் வேலை போய்விடுமோ என்று அவருக்குப் பயம். எனக்கும்தான்.

ஜூன் 16
துரைராஜ் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாலு அறிக்கையவும் வாபஸ் வாங்கோணுங்கறீங்களா? கான்ட்ராக்ட் போயிருமுங்க."

"போகட்டும் சார்."

"அப்ப உங்க பேர்லயே போட்டுக்குங்க. என்னைய இழுக்காதீங்க."

சரி என்றேன். தப்புக் கண்டுபிடித்தவள் நான், தப்புச் செய்தவளும் நான் — வேறு யார் பெயரைப் போட?

ஜூன் 18
வாபஸ் கடிதத்தை எழுதி, அனுப்பச் சொல்லி சாரிடம் கொடுத்தேன்.

ஜூன் 24
கம்பெனிகளிடமிருந்து பதில் இல்லை. சாரும் என் மேசைப் பக்கம் வருவதில்லை.

ஜூலை 7
கான்ட்ராக்ட் போய்விட்டது. நாளை முதல், ஊர் எல்லையில் இருக்கும் பட்டான்செருவின் புதுக் கட்டடங்களைப் படத்தில் எண்ணும் வேலை.

சார் அனுப்பிய வாபஸ் கடிதத்தின் நகல் மத்தியானம் மெயிலில் வந்தது. நான்கு அறிக்கைகளும் ரத்து. கீழே என் கையெழுத்து. அதற்கு மேலே இன்னொன்று — துரைராஜ்.

கேண்டீனில் அவர் எதிரே போய் உட்கார்ந்து, ஏன் சார் என்றேன். நிமிரவில்லை.

"சோறு ஆறுதுங்க. சாப்புடுங்க."