வாசலிலேயே திரும்பி வந்த சித்தி

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அவருடைய இருமல் மட்டும் போவேனா என்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் மனசு சரியில்லை, சொல்லப்போனால் அருவருப்பாக இருக்கிறது, அதை உன்னிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவது.

சித்தி ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கி முழங்காலைப் போக்கிக்கொண்டது உனக்குத் தெரியும். கணினியில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டால் அங்கேயே அலுவலகத்தில் அறிக்கை தயாரிக்கும் வேலைக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள். மாலை வகுப்பில் சேர்ந்தாள், பழைய லேப்டாப் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். முதல் நாளே வாத்தியார் ஒரு இணையப் பக்கத்தைக் காட்டி, புரோகிராம் மொழியைக் கணினியில் ஏற்று, பிறகு லைப்ரரி என்கிற துணைத் தொகுப்பை ஏற்று என்று சொல்லிவிட்டார். மொழி ஏறியது, லைப்ரரி ஏறவில்லை, திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. கேட்டதற்கு, "வீட்ல சரி பண்ணிட்டு வாங்கம்மா, இதுக்கெல்லாம் கிளாஸ்ல நேரமில்ல" என்றாராம். உன்னிடம் கேட்டாள். நீ "பாத் செட் பண்ணுங்க சித்தி, ஈஸிதான்" என்று ஒற்றை வரி அனுப்பினாய். பாத் என்றால் கணினிக்குள் கோப்பு இருக்கும் வழியாம், அது எங்களுக்கு எங்கே தெரியும். "ஏன்க்கா, குளிச்சிட்டு வந்து உட்காரச் சொல்றானா?" என்று என்னிடம் கேட்டாள், இரண்டு பேரும் சிரித்தோம். அதற்கப்புறம் அவள் சிரிக்கவில்லை. அழித்து அழித்துப் போட்டுப் பார்த்தாள், அதே சிவப்பு. வகுப்புக்குப் போவதையே நிறுத்திவிட்டு, "என் மண்டையில ஒண்ணும் இல்லக்கா" என்று போர்வை தூக்கப் போய்விட்டாள். ஒரு வரி புரோகிராம்கூட எழுதிப் பார்க்காதவள் இப்படிச் சொல்கிறாள்!

எனக்குப் பொறுக்கவில்லை, வாத்தியாரை நேரில் போய்ப் பார்த்தேன். வகுப்பில் பாதி நாற்காலி காலி. "இதையே தாண்ட முடியாதவங்க மேல படிச்சு என்ன பண்ணப் போறாங்க? தானா வடிகட்டிடும்" என்றார், டீயை உறிஞ்சிக்கொண்டே. மனுஷர்களா, டீத்தூளா? வெளியே வந்தபோது அங்கே படிக்கும் மருந்துக்கடைப் பெண் பின்னாலேயே ஓடி வந்தாள். அந்த லைப்ரரி மொழியின் புதுப் பதிப்போடு ஒத்துப்போகாதாம், பழைய பதிப்பைத்தான் போட வேண்டுமாம், அந்தப் பக்கத்தில் அது எழுதியே இல்லையாம், அவளும் அங்கே இங்கே கேட்டுத்தான் தெரிந்துகொண்டாளாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து போட்டுக் கொடுத்தாள். அன்றைக்கே சித்தி எந்த வார்டுக்கு எத்தனை போர்வை என்று கூட்டிச் சொல்லும் புரோகிராம் ஒன்றை எழுதி ஓடவிட்டாள். ஆனால் வகுப்பில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள், அந்த வேலையும் வேறொருவருக்குப் போய்விட்டது.

ராஜா, அந்தப் பக்கத்தை நானும் பார்த்தேன். "இது நான் எழுதினதும்மா" என்று போன வருஷம் நீ பெருமையாகக் காட்டினாயே, அதே பக்கம். வாத்தியார் மேல் வந்த அருவருப்பு உன் மேலும் வந்தது, பெற்றவள் என்பதற்காக மறைக்க மாட்டேன். ஒன்றுமே இல்லாத கணினியில் அது எப்படி ஏறுகிறது என்று ஒருநாளாவது உட்கார்ந்து பார்த்தாயா? எந்தப் பதிப்பு என்று ஒரு வரி சேர்த்தால் கை தேய்ந்துவிடுமா? ஒரே பொத்தானில் இரண்டும் ஏறும்படி செய்துவைக்க அந்த லைப்ரரியைச் செய்கிற உங்கள் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையா? முதலில் அதைத் திருத்து.

நீ நீண்ட ஆயுசோடு நன்றாக இருக்க வேண்டும், குளிர் காற்றில் காதை மூடிக்கொண்டு போ. அந்தப் பக்கம் யார் எழுதியது என்று சித்திக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. எனக்குப் பதில் போட வேண்டாம். அவளுக்குப் போன் பண்ணி நீயே சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா