தாய்மாமன் மைதானத்துக்குப் போன ஞாயிறு

அன்புள்ள அண்ணைக்கு,

இன்று காலை கடையில் பப்பாப்பழப் பெட்டியை உடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் கூர்ந்த நீளப் பழம் ஒன்று கையில் வந்தது. என்ன நினைத்தேனோ, அதைக் கக்கத்தில் இடுக்கிக் குனிந்து, அரிசி மூட்டைகளுக்கும் மீன் பெட்டிக்கும் நடுவே நாலு எட்டு ஓடிவிட்டேன். வரிசையில் நின்ற ஐயா ஒருவர் தன் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒதுங்கினார். லண்டனில் எங்கள் மோர்டன் பக்கத்தில் இனி என்னைப் பற்றி ஒரு கதை உலாவும். பழி உங்களுக்குத்தான். பழத்தை அப்படிப் பிடிக்கக் காட்டித் தந்தது நீங்கள்தானே.

லண்டனுக்கு வருமுன் நீங்கள் ஜெர்மனியில் அமெரிக்க ஆமிக்காரரின் குசினியில் சட்டி கழுவினீர்கள். அத்தனை வருஷம் இருந்தும் ஜெர்மன் பாஷை வரவில்லை. அமெரிக்கன் புட்போல் மட்டும் வந்தது, பப்பாப்பழம் மாதிரிப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற விளையாட்டு. அண்ணி அதை இரண்டு ஞாயிறு பொறுத்தார். மூன்றாம் ஞாயிறு, “தலையில சட்டி கவிட்டுக்கொண்டு ஆளை ஆள் இடிக்கிறதைப் பாக்கவோ நான் கலியாணம் கட்டினனான்?” என்று கேட்டு உங்களை வெளியே அனுப்பிவிட்டார். நீங்கள் அடுத்த தெருவில் இருந்த என் வீட்டுக்கு வந்தீர்கள். என்னவருக்கு ஞாயிறு பின்னேரம் பஸ் ஓட்டுகிற ஷிப்ட். ஆகவே ஆறு மணியானால் டிவிக்கு முன்னால் நீங்கள், நான், நடுவில் காலை நீட்டிக்கொண்டு என் மகள்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு அந்த விளையாட்டை விளங்கவைக்க நீங்கள் பட்ட பாடு. அதிலும் ‘டைட் எண்ட்’ என்ற இடத்தில் நிற்கிறவன் என்ன செய்கிறான் என்று எத்தனை தரம் சொன்னாலும் ஏறவில்லை. முன்னுக்கு நின்று எதிராளியைத் தள்ளி மறிக்கவும் வேண்டுமாம், பிறகு ஒருவருக்கும் தெரியாமல் நழுவி ஓடிப் பந்தைப் பிடிக்கவும் வேண்டுமாம். கடைசியில் நானே கண்டுபிடித்தேன். கலியாண வீட்டில் சாப்பாட்டு மண்டப வாசலில் நின்று, “பொறுங்கோ, பொறுங்கோ, இன்னும் இலை போடேல்லை” என்று சனத்தை மறித்துவிட்டு, கதவு திறந்ததும் முதல் பந்தியில் தான் போய் இருக்கிறவன். நீங்கள் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வந்தது. அந்த வாசலில் வழக்கமாக நிற்கிறது நீங்கள் என்பதை நான் வாய்விட்டுச் சொல்லவே இல்லை.

அப்படிப்பட்ட ஒருத்தனைத்தான் நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். வருஷா வருஷம் அணிகள் புதுப் பெடியன்களைப் பொறுக்கி எடுக்கிற நாளில், எல்லாரையும் எடுத்து முடிந்து, களைத்துப்போன நேரத்தில் எடுபட்டவன். மலை மாதிரி ஆள், நடை ஆமை. அவன் பெயர் என் நாக்கில் நிற்கவில்லை, ஆகவே பெரியதம்பி என்று வைத்தேன். முதல் இரண்டு வருஷம் பெரியதம்பி மைதான ஓரத்து வாங்கில் குந்தியிருந்து தண்ணீர் குடித்ததைத்தான் கண்டோம். “இவன் சம்பளத்துக்குத் தண்ணி குடிக்கிறான், அண்ணை” என்பேன். உங்களுக்குக் கோபம் வரும். மூன்றாம் வருஷம் அவனுடைய இடத்தில் ஆடிக்கொண்டிருந்தவன் காயப்பட, இவன் இறங்கினான். ஒரு வருஷம் முழுக்கப் பந்து அவன் கையில் ஒட்டிக்கொண்டு நின்றது. அந்த வருஷம் நீங்கள் நடந்த நடையைப் பார்த்து, பெரியதம்பிக்கு நீங்கள்தான் பால் ஊட்டி வளர்த்தது என்று மோர்டனே நினைத்திருக்கும்.

பிறகு அவன் முழங்கால் போனது. நீங்கள் செய்ததை இப்போதும் நான் சொல்லிச் சிரிக்கிறேன். அவன் கால் சுகப்படும்வரை மச்சம் மாமிசம் தொடுவதில்லை என்று முருகனுக்கு நேர்த்தி வைத்தீர்கள். ஆட்டு எலும்பை உறிஞ்சுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டு நாயை எழுப்புகிற நீங்கள். பத்து மாதம் கத்தரிக்காயும் பருப்பும். நடுவில் ஒருநாள் மகள் போனில் ஒரு படம் காட்டினாள். பெரியதம்பி காலுக்குக் கட்டுப் போட்டபடி, தட்டை விடப் பெரிய மாட்டிறைச்சித் துண்டுக்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். நீங்கள் நெடுநேரம் பார்த்தீர்கள். பிறகு, “அவன் சாப்பிடத்தான் வேணும். தேறவேணும்” என்று சொல்லிவிட்டுப் பூசணிக்காயைப் பிசைந்தீர்கள்.

கால் தேறியது, வேகம் தேறவில்லை. அந்த அணி அவனை அனுப்பியது, இன்னொரு அணி எடுத்தது, அதுவும் அனுப்பியது. மூன்றாவது அணியில் இருந்தபோது, இந்த வருஷத்தோடு சரி என்று அவனே சொல்லிவிட்டான். அந்த வருஷம்தான் அவர்கள் லண்டனுக்கு ஒரு ஆட்டம் ஆட வருவதாகச் செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டரை மணிக்கு. அதே ஞாயிறு, குரோய்டன் மண்டபத்தில், பெரியபிள்ளையான என் மகளின் சாமத்தியச் சடங்கு. மண்டபம் பிடித்து ஒரு வருஷம். தாய்மாமன் நீங்கள் ஒருவர்தான்.

 “டிவியில பாப்பம்” என்றீர்கள், அவ்வளவுதான். அடுத்த கிழமை அண்ணி என் கடைக்கே வந்து, மடித்த தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார். சாமிப்படத்தைத் துடைக்கும்போது பின்னால் இருந்து விழுந்ததாம். பிரித்துப் பார்த்தால் அந்த ஆட்டத்துக்கு ஒரு டிக்கெட். அண்ணி சொன்னார், “மனுசன் மூண்டு நாளாச் சோத்தை அளையுது. அவன் இனி விளையாடமாட்டானாமே. நீ ஏதாவது செய்.”

ஐயரிடம் போனேன். அன்றைக்கு நல்ல நேரம் இரண்டு இருந்தன. பத்திலிருந்து பதினொன்று ஒன்று, பன்னிரண்டரைக்கு மேல் ஒன்று. பிந்தினதை எடுத்தால் ஆட்டத்தை நீங்கள் மறக்கவேண்டும். பத்து மணியைப் பிடித்தேன். நம்மவர்களைத் தெரியாதா, அழைப்பிதழில் எட்டு மணி என்று அடித்தேன். என் கணக்குப் பிசகவில்லை. பத்துக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. ஆனால் மகளை அலங்கரிக்கிற பெண்ணுக்கு மட்டும், வேலைக்கு வருகிற பிள்ளையிடம் பொய் சொல்லக்கூடாது என்று, அலங்காரத்துக்கு வேண்டிய இரண்டு மணியைக் கழித்து, உண்மையான நேரமான எட்டையே சொல்லியிருந்தேன். அவளும் நம்மவள்தானே. பத்தேகாலுக்கு வந்து சேர்ந்தாள்.

பத்தே முக்கால். பட்டு வேட்டி, தலைப்பாகை, கையில் மாலையோடு நீங்கள் அறை வாசலில் நின்றீர்கள். மணிக்கூட்டைப் பார்க்கக்கூடாது என்று கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். உள்ளே அந்தப் பெண் ஒரு கண்ணுக்கு மையும் மினுக்கமும் பூசி முடித்துவிட்டு, மற்றக் கண்ணுக்கு இன்னும் அரை மணி வேண்டும் என்றாள். நான் அவளைக் கெஞ்சுவதா அடிப்பதா என்று நின்றபோது நீங்கள் வாசலில் இருந்து, “பிள்ளை வடிவா வெளிக்கிடட்டும், தங்கச்சி. மற்ற நேரத்துக்கு வைப்பம்” என்றீர்கள். குரல் ஒழுங்காகத்தான் இருந்தது. கண் மட்டும் இன்னும் கூரையில்தான்.

மகள் கதிரையை விட்டு எழும்பினாள். “ஒரு கண் போதும். மாமா, கமோன், போவம்.”

அந்த வீடியோவை இன்றைக்குப் போட்டாலும், ஒரு கண் நடிகையுடையது, மற்றக் கண் நித்திரையால் எழும்பின பிள்ளையுடையது. கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிவந்து, தேங்காய் உடைத்து, மாலை போட்டு, தாய்மாமனுக்குரிய எல்லாவற்றையும் ஒன்றும் குறையாமல் செய்தீர்கள். பெண்கள் ஆலாத்தி எடுக்கத் தொடங்கியதும் நான் உங்கள் காதுக்குள், “பின்வாசல் திறந்திருக்கு, அண்ணை” என்றேன்.

“ஆக்கள் தேடினா?”

“சாப்பாட்டுப் பக்கம் நிக்கிறார் எண்டு சொல்லுவன். உங்களைத் தெரிஞ்ச ஒருத்தரும் சந்தேகப்படமாட்டினம்.”

உடுப்பு மாற்ற நேரமில்லை. பட்டு வேட்டியோடு ரயில் ஏறினீர்கள். மைதானத்தில் உங்களோடு நின்று படம் எடுக்கக் கூட்டம் கூடியதாம். எந்த அணிக்காரர் இப்படி உடுத்துவது என்று ஒருத்தன் கேட்டானாம், தலைப்பாகை எங்கே வாங்கலாம் என்று இன்னொருத்தன் கேட்டானாம்.

இங்கே நாங்கள் மண்டபத்தின் மூலையில் மகளின் போனில் பார்த்தோம். பெரியதம்பி இறங்கியதே குறைவு. ஒரு பந்துகூட அவன் பக்கம் வரவில்லை.  முகூர்த்தம் பார்த்து, பொய் நேரம் அடித்து, பிள்ளையை அரைக் கண்ணோடு மேடையேற்றி, இதற்கோ அனுப்பினேன் என்று மகளிடம் முணுமுணுத்தேன். பின்னேரம் நீங்கள் சந்தனம் காய்ந்த நெற்றியோடு வந்து சேர்ந்தீர்கள். “அவன் ஒரு பந்தும் பிடிக்கேல்லையே, அண்ணை” என்றேன்.

“டிவியில பந்து போற பக்கம்தான் காட்டுவாங்கள்” என்றீர்கள். “அங்க நான் பந்தைப் பாக்கேல்லை. அவனை மட்டும் பாத்தனான், முழுக்க. அவன் மறிச்ச பக்கத்தால ஒருத்தனும் வரேல்லை, தங்கச்சி.”

பிறகு மிச்சமிருந்த சோற்றில் இரண்டு கோப்பை சாப்பிட்டீர்கள்.

அடுத்த மாசியில் நீங்கள் போய்விட்டீர்கள், ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்காமல், தேத்தண்ணி ஆறுகிற நேரத்துக்குள். அதைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். அழுதுகொண்டு எழுதினால் என் எழுத்து இன்னும் மோசமாகும்.

அந்த ஆட்ட நாளில் இருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எல்லாரும் ஒரு பக்கம் பார்க்கிறபோது என் கண் மற்றப் பக்கம் போகிறது. போன மாதம் மகளின் பட்டமளிப்பு. எங்கள் ஆட்கள் எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு முன்னால் நெருக்கினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். வரிசையின் கடைசியில் அண்ணி, எங்கள் எல்லாருடைய கோட்டுகளையும் மடியில் குவித்துக்கொண்டு தனியே இருந்தார். போய்ப் பக்கத்தில் இருந்து பாதிக் கோட்டுகளை வாங்கிக்கொண்டேன்.

 பிறகு அண்ணி மேடையைப் பார்த்தபடியே கேட்டார், “அவன் பெரியதம்பி இப்ப என்ன செய்யிறானாம்?”

நான் கோட்டுகளைக் கீழே விடப் பார்த்தேன். அவன் தன் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்குகிறானாம் என்று சொன்னேன்.

“பிள்ளையள் எத்தினை?”

“மூண்டு, அண்ணி. கடைசி இந்த வருஷம்தான் பிறந்தது.”

“அப்ப அது அவருக்குத் தெரியாது” என்றார் அண்ணி. “ஆராவது சொல்லவேணும்.”

அதுதான் எழுதுகிறேன், அண்ணை. மூன்றாவது பெண்பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். தாய்மாமன் யாராவது இருக்கிறாரோ தெரியவில்லை, விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் தங்கச்சி