மூணாவது மாடிக்கு வருகிறவள்

மார்ச் 4, செவ்வாய்

இந்த நோட்டை வாங்கிக் கொடுத்தவள் அக்கா மகள். "யார்கிட்டயும் பேச மாட்டேங்கற, எழுதியாவது வை சித்தி" என்றாள். ஐந்தாவதோடு நின்ற படிப்பு. நாலு வரிக்குள் மணிக்கட்டு நோகிறது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினாறு வருஷமாக ஈரத்துணி தூக்கிய கை, பேனா தூக்கினால் நோகிறதாம். சொன்னால் யாராவது நம்புவார்களா?

இன்றைக்கும் தலையணை உறைதான் மடித்தேன். உறைக்கு ஒரு ஆள் போதும். கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது. பெரிய விரிப்பு மடிக்க எதிரில் இன்னொரு ஆள் நிற்க வேண்டும். அக்கா செத்துப்போன இந்த நாலு மாதமாக நான் அந்த மேசைப் பக்கம் போவதில்லை.

மார்ச் 5, புதன்

எழுத ஒன்றும் இல்லை. உறை. உறை. உறை.

மார்ச் 9, ஞாயிறு

பக்கத்து வீட்டில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். ஜன்னலைச் சாத்தினேன். அப்படியும் கேட்டது.

அந்தப் பாட்டு தெரியாதவர்கள் உண்டா என்ன? ஒரு பையனும் பெண்ணும் லிஃப்டில் ஏறுவார்கள். முதல் மாடியில் அவள் பார்ப்பாள், ரெண்டாவதில் சிரிப்பாள், மூணாவதில் கிட்டே வருவாள், நாலாவதில் கையில் எதையோ கொடுப்பாள். அதற்குள் லிஃப்ட் நின்றுவிடும். என்ன கொடுத்தாள் என்று கடைசிவரை சொல்ல மாட்டான். மறுபடி முதல் மாடி. இருபத்தைந்து வருஷமாக இதையே ஊரே பாடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் கூடத்தில் இந்தப் பாட்டுக்குத்தான் விரிப்பு மடிப்போம். அக்கா வைத்த கணக்கு அது. முதல் மாடி — உதறு. ரெண்டாவது — நீளவாக்கில் மடி. மூணாவது — ஒருத்தி நிற்க, ஒருத்தி நடந்து வரவேண்டும். நாலாவது — வந்தவள் தன் முனைகளை நிற்கிறவள் கையில் கொடுக்கவேண்டும். மெஷின் இரைச்சலில் ஒருத்தர் சொல்வது ஒருத்தர் காதில் விழாது. வாய் அசைவைப் பார்த்தே மடிப்போம். முன்பெல்லாம் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, தலையோடு தலை முட்டிக்கொள்வோம். அக்கா கணக்கு வைத்த பிறகு அந்தத் தொல்லை விட்டது.

பதினோரு வருஷம் நான் நிற்கிறவள். அவள் வருகிறவள்.

அவள் கிடந்ததும் எங்கள் ஆஸ்பத்திரியில்தான். ஆறு வாரம். நாங்கள் துவைத்து அனுப்பிய விரிப்பிலேயே படுத்துக்கொண்டு ஓரத்தைத் தடவிப் பார்ப்பாள். "கோணலா இருக்கே, எந்தக் கழுதைடி மடிச்சது?" என்றாள் ஒருநாள். நான்தான் என்றேன். "அதான பாத்தேன்" என்றாள். சிரித்தால் மூச்சு வாங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிரித்தாள். மூச்சு வாங்கியது.

போதும் இன்றைக்கு.

மார்ச் 12, புதன்

கூடத்துக்குப் படம் எடுக்கிற பெண் ஒருத்தி வந்தாள். சினிமா இல்லையாம், நிஜ ஆட்களை வைத்து எடுக்கிற படம். அந்தப் பாட்டைப் பற்றி. ஒரு பாட்டு ஊருக்குள் போய் என்னவெல்லாம் ஆனது என்று தேடிக்கொண்டு திரிகிறாள். ஆறு மாதமாக இதே வேலை. மேலே வார்டில் ஒரு நர்ஸ், "கீழ சலவைக்காரங்களப் போய்ப் பாருங்க, அந்தப் பாட்டுக்குத்தான் அவங்க கை ஓடும்" என்று சொல்லிவிட்டாளாம்.

இதற்கெல்லாமா ஒரு படம்? நெட்டை — எங்கள் கூடத்திலேயே உயரமானவள், எனக்கு நாலு வயது மூத்தவள் — மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நீராவில நிக்கறவளுக்கு எதுக்கு பவுடர், மாவா வழியப்போகுது" என்று எல்லோரும் கேலி. எனக்கும் சிரிப்பு வந்தது. வந்ததும் அடக்கிக்கொண்டேன். ஏன் அடக்கினேன்?

மார்ச் 13, வியாழன்

செய்யக்கூடாததைச் செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

படக்காரப் பெண் ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேட்டாள். என் முறை வந்தது. சட்டையில் சின்ன மைக் மாட்டினாள். அவள் கை சில்லென்று இருந்தது. "இந்தப் பாட்டுக்கு மடிக்கிறத யாரும்மா ஆரம்பிச்சது?"

எங்க அக்கா. ரெண்டு வார்த்தை. தொண்டைவரை வந்துவிட்டது. சொன்னால் அழுதுவிடுவேன், அழுதால் அது அந்த மெஷினுக்குள் போய்விடும், ஊரே பார்க்கும் என்று ஒரு பயம்.

"தெரியாதும்மா. எல்லாரும் பாடுவோம்" என்றேன்.

தெரியாதாம். எனக்குத் தெரியாதாம். நாக்கு அழுகாதா?

மார்ச் 14, வெள்ளி

சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

நான் விட்ட இடத்தை வேறொருத்தர் எடுத்துக்கொண்டார்.

எங்கள் மேற்பார்வை அம்மாவை நாங்கள் சாவிக்கொத்து என்போம். எதிரில் மேடம். இடுப்பில் அத்தனை சாவி, அவர் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும். அவர் பேசியதைப் படக்காரப் பெண் தன் சின்னத் திரையில் போட்டு நெட்டைக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். நானும் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வேலையை வேகப்படுத்த நிர்வாகமே ஏற்பாடு செய்த முறை இது என்றார் மேடம். கூடத்தைத் தானே நின்று பழக்கியதாகவும் சொன்னார். பேசும்போது கை சாவியைத் தடவிக்கொண்டே இருந்தது.

பழக்கினாராம்! பாடினதுக்கு அக்காவுக்கு மெமோ கொடுத்தவர் அவர். வேலை நேரத்தில் ஆட்டம் பாட்டு என்று தாளில் எழுதி நீட்டினார். அக்கா பெரிய பெரிய எழுத்தாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அறையை விட்டு வெளியே வரும்போதே முதல் மாடி என்று ஆரம்பித்தாள். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் மடித்த துணிக்கட்டு முன்பைவிட அதிகம். அப்புறம் மேடம் வாயைத் திறக்கவில்லை. பெரிய ஆட்கள் சுற்றிப் பார்க்க வந்தால் எங்களைத்தான் முதலில் காட்டுவார்.

நெட்டை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

மேடத்தைக் குறை சொல்லி என்ன? கேட்டபோது தெரியாது என்றவள் யார்?

மார்ச் 19, புதன்

அக்கா மகளிடம் சொல்லிவிட்டேன். அவள் செல்போன் பழுது பார்க்கிற கடையில் வேலை செய்கிறாள். நாளெல்லாம் பூச்சி மாதிரி சின்னச் சின்னத் திருகாணிகளோடு இருந்து பழகியதாலோ என்னவோ, கோபம்கூட மெதுவாகத்தான் வரும். கேட்டுக்கொண்டே இருந்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"அம்மா வீட்டுக்கு வந்தா கால் வலிக்குதுன்னுதான் சொல்லும். அங்க என்ன பண்ணுச்சுன்னே எனக்குத் தெரியாது. இப்பதான் மொத தடவையா கேக்கறேன். அதையும் இன்னொருத்தங்க பேர்ல எழுதிக் குடுத்துட்டு வந்திருக்க" என்றாள்.

நான் சோற்றுப் பானையை மூடி வைத்தேன்.

அவளே மறுபடி கேட்டாள். "நெஜமாவே மெமோ குடுத்தப்ப பாடுச்சா?"

பாடினாள் என்றேன். தட்டை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

படக்காரர்கள் வெள்ளியோடு கிளம்புகிறார்கள். அப்புறம் அச்சில் ஏறின மாதிரிதான்.

மார்ச் 20, வியாழன்

மேடத்தின் அறைக்குப் போனேன். பதினாறு வருஷத்தில் கூப்பிடாமல் போனது இதுதான் முதல் தடவை. கதவைத் தட்டினேன்.

அக்கா பேர் வரணும் மேடம் என்றேன். அதைத் தவிர நான் தயார் செய்துகொண்டு போன எதுவும் வரவில்லை.

மேடம் ஏதோ தாளைப் புரட்டினார். அவராகப் போய்ச் சொல்லவில்லையாம். நீங்கள்தான் ஆரம்பித்தீர்களா என்று அந்தப் பெண் கேட்டாளாம், ஆமாம் என்றுவிட்டாராம். "முப்பது வருஷமா இந்த நெலவறையில கெடக்கறேன். ஒருத்தர் வந்து என்னை ஒரு கேள்வி கேட்டதில்ல. கேட்டதும் வாய்ல வந்துருச்சு." அப்புறம் குரல் மாறியது. "இப்ப நான் பொய் சொன்னேன்னு போய் நிக்கணுமா?"

நிற்க வேண்டாம் என்றேன். எனக்கே பாவமாகப் போய்விட்டது. திட்டப் போனவள் பரிதாபப்பட்டுக்கொண்டு திரும்பினேன். என் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

நான் கதவைத் தாண்டும்போது பின்னாலிருந்து சொன்னார்: "நாளைக்குப் பெரிய விரிப்பு மடிக்கிறத எடுக்கறாங்க. ஆள் கொறையுது. நீ நில்லு."

மார்ச் 21, வெள்ளி

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கை நொந்தால் நோகட்டும்.

மெஷின்களை நிறுத்தினார்கள். அந்தக் கூடத்தில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதே இல்லை. ஒரு பெட்டியில் பாட்டைப் போட்டார்கள். எதிரில் நெட்டை. வழியும் பவுடர். கையில் விரிப்பின் ரெண்டு முனை. நாலு மாதம் கழித்து.

முதல் மாடி. உதறினோம். துணி நன்றாகச் சத்தம் போட்டது. ரெண்டாவது மாடி. மடித்தோம். மூணாவது மாடி —

நான் நின்றேன். நெட்டையும் நின்றாள்.

பாட்டு போய்க்கொண்டே இருக்கிறது. நாலாவது மாடி. லிஃப்டும் நின்றுவிட்டது. விரிப்பு எங்களுக்கு நடுவில் விறைப்பாகக் கிடக்கிறது, ரெண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்க்கிறோம். நெட்டையும் அவள் ஜோடியில் நிற்கிறவள்தான். எனக்கு அது தெரியாதா? தெரியும். எங்கள் கூடத்தில் நிற்கிறவள் நிற்கிறவள்தான், வருகிறவள் வருகிறவள்தான், யாரும் மாற்றிக்கொண்டதே இல்லை. அதனால் நிற்கிற ரெண்டு பேரை எதிரெதிரே விட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். நெட்டை, "வாயேன்டி" என்று முணுமுணுத்தாள். படக்காரப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "என்னாச்சும்மா? ஏன் நின்னுட்டீங்க?" என்றாள்.

"மூணாவது மாடிக்கு வர்றது எங்க அக்கா" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. அதுதான் விஷயம், அதனால் அது வந்தது. அப்புறம் மீதியும் வந்தது. "நான் நிக்கறவ. இந்தக் கணக்கு வச்சதே அவதான். அன்னைக்குத் தெரியாதுன்னு சொன்னேன்ல, பொய்யி. சொன்னா அழுதுருவேன்னு சொல்லல."

அழவும் செய்தேன். மெஷினுக்குள் போனால் போகட்டும். முனையை விடவில்லை. தரையில் பட்டால் மறுபடி துவைக்கணும்.

கதவுப் பக்கம் சாவிச் சத்தம். மேடம் எப்போது வந்தார் என்று தெரியாது. "ஆமா" என்றார். "பாடினதுக்கு மெமோ குடுத்தவ நான்தான். அதையும் எடுத்துக்குங்க."

கேமராவை அவர் பக்கம் திருப்புவதற்குள் போய்விட்டார்.

மறுபடி பாட்டைப் போட்டார்கள். இந்தத் தடவை நான் நடந்தேன். நாலு எட்டுதான். நடக்க நடக்க, வெள்ளைத் துணிக்கு மேலே எதிரில் நிற்கிறவள் முகம் பெரிதாகிக்கொண்டே வருகிறது. பதினோரு வருஷமாக அக்கா இதைத்தான் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு விரிப்புக்கும் என் முகம் கிட்டே வருவதை.

மார்ச் 24, திங்கள்

உறை போதும் என்று சொல்லிவிட்டேன். பெரிய மேசை. நெட்டை நிற்கிறாள். நான் வருகிறேன். கால் விட்டுப் போகிறது. இதைத்தான் கால்வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாளா?

ஏப்ரல் 30, புதன்

இன்று மட்டும் ரெண்டு தடவை அவளை நினைக்காமல் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

படத்தைப் போட்டுக் காட்டினார்கள். பெரிய அரங்கம், மெத்தை நாற்காலி. கூடத்தில் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள். அக்கா மகள் என் பக்கத்தில்.

ஒரு பாட்டு எங்கெல்லாம் போயிருக்கிறது! பெண்பிள்ளைகள் கட்டம் போட்டு மாடி மாடியாகத் தாண்டி விளையாடுகிறார்கள். விளையாட்டு மைதானத்தில் மூணாவது கோல் விழுந்தால் கூட்டமே எழுந்து பாடுகிறது. லிஃப்ட் ரிப்பேர்க்காரர் ஒருத்தர், எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அவரைப் பார்த்ததும் பாட ஆரம்பித்துவிடுகிறார்களாம். "இதப் பாடினவன் என் லிஃப்ட்ல ஏறட்டும், மூணுக்கும் நாலுக்கும் நடுவுல நிறுத்திட்டு நான் டீ குடிக்கப் போயிருவேன்" என்றார். அரங்கமே அதிர்ந்தது.

அதற்கப்புறம் எங்கள் கூடம். நன்றாக மடித்ததைத்தான் போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். போட்டது நின்றுபோனதை. ரெண்டு பொம்பளைகள், நடுவில் ஒரு வெள்ளைத் துணி, யாரும் வரவில்லை, பாட்டு மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. இருமல்கூட இல்லை அரங்கத்தில். அப்புறம் என் குரல். அதைக் கேட்க எனக்கே கூச்சம். அப்புறம் கதவுப் பக்கம் காலியாக இருக்க, மேடத்தின் குரல். அவர் எனக்கு மூணு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. சாவியைக் கொண்டுவரவில்லை போல, ஒரு சத்தமும் இல்லை.

கடைசியில் பேர்கள் ஓடின. நான் எழுத்துக் கூட்டுவதற்குள் ஓடிவிடும் என்று அக்கா மகள் என் காதில் வாசித்துக்கொண்டே வந்தாள். ஒரு பேருக்கு மட்டும் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். அதை நானே படித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் கொடியிலிருந்து துணி எடுத்தோம். கட்டில் விரிப்பின் ஒரு பக்கத்தை அக்கா மகள் பிடித்துக்கொண்டாள். "போடு சித்தி" என்றாள். பாட்டுக்குப் பெட்டி எதற்கு, நானே முணுமுணுத்தேன். முதல் மாடி, ரெண்டாவது மாடி. மூணாவதில் நான் நடந்தேன். அவளும் அதே நேரம் நடந்து வந்தாள். நெற்றியும் நெற்றியும் முட்டிக்கொண்டது, நல்ல முட்டு.

அவளுக்குக் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. எனக்கும்தான். விரிப்பு கோணல்.